கையில் ஒரு மூலிகை, ஒன்றிரண்டு சோதனைக்குத்தான் வசதி: எதைத் தேர்ந்தெடுப்பது?

இந்தக் கேள்வியோடு வருபவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. முதுகலை மாணவருக்குச் செடி முடிவாகிவிட்டது, சோதனை முடிவாகவில்லை. பரம்பரை வைத்தியருக்குத் தன் மருந்தின் மேல் நம்பிக்கை இருக்கிறது, ஆனால் "லேபில் நிரூபித்தாயா?" என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. சின்ன ஆய்வுக்குழுவுக்குக் கொஞ்சம் பணம் இருக்கிறது, ஆனால் எல்லாவற்றையும் செய்து பார்க்கும் அளவுக்கு இல்லை. மூவருக்கும் முன்னால் இருக்கும் பட்டியல் ஒன்றுதான்: கணினியில் டாக்கிங், ஆன்டிஆக்ஸிடன்ட் சோதனை, பாக்டீரியா பிளேட், நொதிச் சோதனை, செல் சோதனை, மீன் கரு, சுண்டெலி, கடைசியில் மனிதர்.

இந்த வரிசையில் கீழே போகப் போகச் செலவு கூடும், விடையின் மதிப்பும் கூடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. பொருத்தமில்லாத நோயை உண்டாக்கிய சுண்டெலி தரும் விடையைவிட, பொருத்தமான நொதி ஒன்று சோதனைக்குழாயில் தரும் விடை எவ்வளவோ மேல்.

நடைமுறையில் சோதனையைத் தீர்மானிப்பது லேபில் எந்தக் கருவி சும்மா இருக்கிறது என்பதுதான். நிறத்தின் அடர்த்தியை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் இருந்தால் ஆன்டிஆக்ஸிடன்ட், இன்குபேட்டர் இருந்தால் பாக்டீரியா. அந்தச் செடியை மக்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பது கட்டுரையின் முன்னுரையில் ஒரு வரியோடு முடிந்துபோகும். வயிற்றுப்போக்குக்குக் கொடுத்த வேரை மார்பகப் புற்றுநோய்ச் செல்லின் மேல் ஊற்றிப் பார்த்த கட்டுரைகளைத் தேடினால் வேண்டிய மட்டும் கிடைக்கும்.

என் அளவுகோல் இதுதான். முதலில் ஒரே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: எந்தப் பாகம், எப்படித் தயாரித்தது, எவ்வளவு, வாய்வழியா மேல்பூச்சா, எந்தத் தொந்தரவுக்கு, எத்தனை நாளில் பலன். அந்த வரிக்கு எந்தச் சோதனை மிக அருகில் நிற்கிறதோ அதற்குத்தான் என் ஓட்டு. கீழே ஒவ்வொன்றையும் இதை வைத்துத்தான் நிறுக்கிறேன்.

அதற்கு முன்னால் தவிர்க்க முடியாத இரண்டு வேலைகள்

ஒன்று, செடி அந்தச் செடிதானா என்று உறுதி செய்வது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் எடை குறைக்கக் கொடுத்த மாத்திரையில் ஸ்டெஃபானியா என்ற மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா கலந்துவிட்டது. சீனப் பெயர்கள் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால் வந்த வினை. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது, பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோயும் வந்தது. உலர்ந்த வேரையோ பொடியையோ பார்த்து மட்டும் செடியை அடையாளம் சொல்ல முடியும் என்று நம்பாதீர்கள். பூவோடும் இலையோடும் அழுத்தி உலர்த்திய மாதிரி ஒன்று ஹெர்பேரியத்தில், அதாவது உலர்செடிக் காப்பகத்தில், எண்ணோடு இருக்க வேண்டும். சாற்றுக்கு ஒரு எச்பிடிஎல்சி தடமாவது, அதாவது அதிலுள்ள சேர்மங்களைத் தனித்தனிப் பட்டையாகப் பிரித்துக் காட்டும் கைரேகை போன்ற பதிவாவது, எடுத்து வைக்க வேண்டும். இந்தச் செலவைத் தவிர்த்துவிட்டு மிச்சப்படுத்திய பணத்தில் இன்னொரு சோதனை செய்யலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அடுத்த வருடம் அதே பெயரில் வேறு செடி வந்தால் முதல் முடிவு முழுவதும் குப்பைக்குத்தான்.

இரண்டு, சாறு எடுக்கும் முறை. தண்ணீரா, ஆல்கஹாலா, ஹெக்ஸேனில் தொடங்கி மெத்தனால் வரை வரிசையாகவா என்ற கேள்வி சோதனைத் தேர்வுக்குச் சமமான எடை உள்ளது. மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் கிடைத்த கதையில் இது நன்றாகத் தெரியும். 1967-இல் சீனாவில் தொடங்கிய இரகசியத் திட்டத்தில் பலவகை மூலிகைச் சாறுகளைச் சுண்டெலிகளில் சோதித்தார்கள். ஆர்ட்டிமீசியா அன்னுவா என்ற செடி ஒருமுறை பலன் தருவது போல் தெரிந்தது, மறுமுறை தரவில்லை. அந்தத் திட்டத்தின் ஆய்வாளர் து யூயூ பழைய மருத்துவக் குறிப்புகளைத் திரும்பப் படித்தபோது, 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கோ ஹோங் எழுதிய குறிப்பில், கைப்பிடிச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது கண்ணில் பட்டது. காய்ச்சச் சொல்லவில்லை. சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்து, 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதரில் சாறு எடுத்தார். 1971 அக்டோபரில் 191-ஆம் எண் மாதிரி சுண்டெலிகளில் ஒட்டுண்ணியை முழுவதுமாக ஒழித்தது. செடி அதே செடி, விலங்கும் அதேதான், மாறியது கரைப்பானும் வெப்பமும் மட்டும்.

ஆகவே வழக்கத்தில் குடிநீராகக் கொடுத்தால் முதலில் அந்தக் குடிநீரையே சோதியுங்கள், அப்புறம் மற்றதெல்லாம். பெரும்பாலான லேப்கள் நேராக மெத்தனாலுக்குப் போகின்றன, ஏனென்றால் உலர்த்துவது சுலபம், பூஞ்சை பிடிக்காது, 'ஆக்டிவிட்டி' அதிகம் காட்டும். ஆனால் மெத்தனாலில் கரைந்து வந்தது நோயாளியின் வயிற்றுக்குள் ஒருபோதும் போகாத பொருளாக இருக்கலாம். குடிநீர் பலன் தராமல் ஆல்கஹால் சாறு பலன் தந்தால் அதுவும் நல்ல செய்திதான், புதிய மருந்துக்கான துப்பு. ஆனால் 'பாரம்பரியப் பயன்பாடு நிரூபணம்' என்று அதற்குத் தலைப்பு வைக்கக் கூடாது.

டாக்கிங்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்டும்: சுருக்கமாக

டாக்கிங்குக்குச் செடியே தேவையில்லை. தரவுத்தளத்திலிருந்து அந்தச் செடியில் இருப்பதாகச் சொல்லப்படும் சேர்மங்களை எடுத்து, நோயோடு தொடர்புள்ள புரதத்தில் கணினியே பொருத்திப் பார்த்து ஒரு எண் தரும். எந்தச் செடியைப் போட்டாலும் ஏதாவது ஒன்று எங்கேயாவது பொருந்தும். ஏற்கெனவே பலன் தெரிந்த சேர்மம் எப்படி வேலை செய்கிறது என்று ஊகிக்க நல்ல கருவி. தனியாக நின்றால் அது சோதனையே இல்லை.

டிபிபிஹெச் போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட் சோதனை ஊதா நிறக் கரைசலை மஞ்சளாக்குகிறதா என்று பார்ப்பது. பாலிபீனால் என்ற வகைச் சேர்மங்கள் உள்ள எந்தச் செடியும் அதைச் செய்யும், செடிகளில் பாலிபீனால் இல்லாதது அபூர்வம். உணவுகளின் ஓராக் மதிப்புகளை, அதாவது இன்னொரு ஆன்டிஆக்ஸிடன்ட் சோதனையின் எண்களைத் தொகுத்து வைத்திருந்த அமெரிக்க வேளாண்துறை 2012-இல் அந்தத் தரவுத்தளத்தையே எடுத்துவிட்டது. சோதனைக்குழாயில் வரும் ஆன்டிஆக்ஸிடன்ட் எண்ணுக்கும் உடலில் நடப்பதற்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, நிறுவனங்கள் அந்த எண்ணை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்பதே அவர்கள் சொன்ன காரணம். எந்த நோய்க்கும் இது விடை தராது. ஒரு சாற்றுத் தொகுதிக்கும் இன்னொரு தொகுதிக்கும் தரம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

பாக்டீரியா: வட்டத்தை அளப்பதா, எம்ஐசியா?

புண், தோல் தொற்று, வாய்ப்புண் போன்றவற்றுக்கு மேல்பூச்சாகவோ கொப்பளிக்கவோ பயன்படும் மூலிகை என்றால் பட்டியலில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. மருந்து கிருமியை நேராகத் தொடுகிறது, சோதனையிலும் அதேதான் நடக்கிறது. செரிமானம், கல்லீரல், இரத்தம் என்று இடையில் எதுவும் இல்லை.

ஆனால் இரண்டு வழிகளில் பலர் சுலபமானதைத்தான் எடுக்கிறார்கள். அகார் பிளேட்டில் சாற்றை வைத்துச் சுற்றிலும் கிருமி வளராத வட்டத்தை மில்லிமீட்டரில் அளப்பது முதல் வழி. நன்றாகப் படம் எடுக்கலாம், அதுதான் அதன் பெரிய பலம். எண்ணெய்த் தன்மையுள்ள பொருள்கள் அகாரில் பரவாது, ஆகவே வலிமையான மருந்தும் சின்ன வட்டத்தோடு நிற்கும். தண்ணீரில் கரையும் பலவீனமான பொருள் பெரிய வட்டம் போடும். இரண்டு செடிகளின் வட்டங்களை ஒப்பிட்டு இது பெரிது அது சிறிது என்று பேசுவதில் அர்த்தமே இல்லை.

திரவ ஊடகத்தில் அளவைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய், கிருமி வளராமல் நிற்கும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடிக்கும் எம்ஐசி முறைதான் சரி. கொஞ்சம் கூடுதல் உழைப்பு, 96 குழிகள் கொண்ட பிளேட் வேண்டும், அவ்வளவுதான். முழுச் சாற்றுக்கு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் அல்லது அதற்குக் கீழே வந்தால் உற்சாகப்படலாம். 1 மில்லிகிராமுக்கு மேல் போனால் அதைப் பலன் என்று எழுதாமல் இருப்பது நல்லது, அந்த அளவில் எதைக் கொட்டினாலும் பாக்டீரியா திணறும். கரைப்பானாகச் சேர்க்கும் டிஎம்எஸ்ஓவை மட்டும் போட்ட ஒரு வரிசையும், தெரிந்த ஆன்டிபயாட்டிக் போட்ட ஒரு வரிசையும் இல்லாத பிளேட்டை நான் பார்க்கவே மாட்டேன்.

காய்ச்சலுக்குக் குடிக்கும் மூலிகைக்கு இதே சோதனை பொருந்துமா? பெரும்பாலும் பொருந்தாது. காய்ச்சல் குறைவதற்குக் கிருமி சாக வேண்டும் என்பதில்லை, குடித்த பொருள் கிருமி இருக்கும் இடத்துக்கு அந்த அளவில் போய்ச் சேரும் என்பதற்கும் உறுதி இல்லை.

நொதிச் சோதனை: எங்கிருந்து வந்த நொதி என்று கேளுங்கள்

சர்க்கரை நோய் மூலிகைகளுக்கு ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் சோதனை பிரபலம். மாவுச்சத்தைக் குளுக்கோஸாக உடைக்கும் கடைசிப்படி நொதி அது, குடலின் உள்சுவரில் இருக்கிறது. சாறு குடிக்கப்படுகிறது, குடலில் நொதியைச் சந்திக்கிறது, இரத்தத்துக்குள் போக வேண்டிய அவசியம்கூட இல்லை. என் அளவுகோலில் மிக நல்ல மதிப்பெண்.

சிக்கல் என்னவென்றால் விலை குறைவு என்பதால் பலர் ஈஸ்டிலிருந்து எடுத்த நொதியை வாங்குகிறார்கள். ஒப்பீட்டுக்கு வைக்கும் அகார்போஸ் என்ற மருந்து பாலூட்டிகளின் குடல் நொதியை நன்றாகத் தடுக்கும், ஈஸ்ட் நொதியை ஏனோதானோவென்றுதான் தடுக்கும். விளைவு? 'எங்கள் சாறு அகார்போஸைவிடப் பல மடங்கு சிறந்தது' என்ற வரி. சாறு சிறந்ததாக இல்லை, அகார்போஸை அதற்குப் பழக்கமில்லாத மைதானத்தில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். எலிக் குடலிலிருந்து தயாரித்த நொதி கிடைக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது டானின். கடுக்காய் மாதிரித் துவர்ப்பு மிகுந்த எதிலும் டானின் உண்டு, அது எதிர்ப்படும் புரதத்தையெல்லாம் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். நொதியும் புரதம்தான். ஆகவே டானின் உள்ள சாறு எல்லா நொதியையும் தடுக்கும், நோய்க்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. டானினை நீக்கிய சாற்றையும் நீக்காத சாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினால் உண்மை உடனே தெரிந்துவிடும்.

செல் சோதனை: அதிகம் நடப்பதும், அதிகம் ஏமாற்றுவதும்

பிளாஸ்டிக் பிளேட்டில் வளரும் மனிதச் செல்லின் மேல் சாற்றை ஊற்றி எத்தனை பிழைத்தன என்று பார்ப்பது. கேட்கவே நவீனமாக இருக்கிறது, முடிவும் சில நாளில் வந்துவிடுகிறது. இதை நான் அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்க மாட்டேன். காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் சாற்றின் அளவு. மில்லிலிட்டருக்கு 500 மைக்ரோகிராமில் புற்றுநோய்ச் செல் பாதி செத்தது என்று எழுதுவார்கள். மனித உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம். அந்த அடர்த்தி வர வேண்டுமென்றால் 2.5 கிராம் சாறு, ஒரு துளி வீணாகாமல், ஒரே நேரத்தில் இரத்தத்தில் கலந்து நிற்க வேண்டும். குடலும் கல்லீரலும் அதற்கு அனுமதிக்காது. முழுச் சாற்றுக்கு 20, 30 மைக்ரோகிராமுக்குள் ஐசி50 (செல்களில் பாதியை நிறுத்தும் அளவு) வந்தால்தான் மேலே யோசிக்கலாம் என்பது துறையில் பொதுவாக உள்ள வரம்பு. அதோடு, அதே அளவில் சாதாரணச் செல்லும் சாகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இரண்டும் சமமாகச் செத்தால் நீங்கள் கண்டுபிடித்தது மருந்தில்லை, விஷம்.

இரண்டாவது, எம்டிடி சாயம். மஞ்சளாக இருக்கும் அதை உயிருள்ள செல் ஊதாவாக மாற்றும், ஊதா எவ்வளவோ அவ்வளவு உயிர். மூலிகைப் பாலிபீனால்கள் செல்லே இல்லாமல் அந்த வேலையைச் செய்துவிடும்! செத்த செல்லும் பிழைத்ததாகக் கணக்கில் வரும். செல் இல்லாத குழியில் சாற்றையும் சாயத்தையும் மட்டும் போட்டுப் பார்த்தால் போதும், பிடிபட்டுவிடும். சாயம் சேர்க்கும் முன் செல்லைக் கழுவிவிடுவதும் உதவும். சபோனின் என்ற நுரைக்கும் பொருள் உள்ள சாறுகள் இன்னொரு வகை, அவை சோப்பு போலச் செல் சவ்வையே கிழித்துவிடும். அதைப் புற்றுநோய் எதிர்ப்பு என்று சொல்லக் கூடாது. வீக்கம், நோய் எதிர்ப்பு பற்றிய சோதனை என்றால் சாற்றில் பாக்டீரியாவின் எண்டோடாக்ஸின் என்ற நச்சு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் 'எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிறது' என்ற முடிவு அந்த அழுக்கிலிருந்து வந்ததாக இருக்கும்.

மஞ்சளின் குர்குமின் இதற்கெல்லாம் சேர்த்து ஒரே உதாரணம். அது ஒளிரும், உலோக அயனிகளைப் பிடிக்கும், புரதங்களோடு வினைபுரியும், செல் சவ்வைக் குலைக்கும். இவை ஒவ்வொன்றும் லேப் சோதனையில் 'பலன்' போலவே தெரியும். கிட்டத்தட்ட எந்த நோய்க்கும் எதிராகக் குர்குமின் வேலை செய்தது என்று ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்தன. 2017-இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் எல்லாவற்றையும் தொகுத்துப் பார்த்து, 120-க்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகள் நடந்திருந்தும் யாருக்கு எது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் மறைத்து வெற்று மருந்தோடு ஒப்பிட்ட எதிலும் அது வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள். இந்தக் கணிப்போடு சண்டை போடுபவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் பட்டியலிட்ட குறுக்கீடுகளை யாரும் மறுக்கவில்லை.

செல் சோதனை எதிர்ப்புறமாகவும் ஏமாற்றும். நிலாவாரை மலமிளக்குவதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதன் சென்னோசைடுகள் அப்படியே வேலை செய்வதில்லை, பெருங்குடல் பாக்டீரியா அவற்றை உடைத்து ரெய்ன் ஆந்த்ரோன் என்ற பொருளாக்கிய பிறகுதான் வேலை நடக்கிறது. கிருமி நீக்கிய பிளேட்டில் வளரும் செல்லுக்கு அந்தப் பாக்டீரியா எங்கே கிடைக்கும்? நன்றாக வேலை செய்யும் மருந்தைச் 'செயலற்றது' என்று எழுதிவிட்டுப் போவோம்.

மீன் கருவும் சுண்டெலியும்

இடைப்பட்ட வழியாக ஜீப்ரா மீன் கரு இப்போது பரவலாகிவிட்டது. சில மில்லிகிராம் சாறு போதும், உடல் கண்ணாடி போல இருப்பதால் இதயத் துடிப்பும் இரத்தக் குழாய் வளர்ச்சியும் நுண்ணோக்கியில் நேராகத் தெரியும். ஐரோப்பிய விதிகளில் தானாக இரை எடுக்கத் தொடங்கும் வரை, அதாவது ஏறக்குறைய ஐந்து நாள் வரை, அது விலங்குச் சோதனைக் கணக்கில் சேராது. கருவை வளர்ச்சியில் பாதிக்குமா, எந்த அளவில் நச்சு என்பதற்கு நான் இதைத் தேர்ந்தெடுப்பேன். பலனுக்கு அவ்வளவாக இல்லை. தண்ணீரில் கலப்பதும் குடித்துச் செரிப்பதும் ஒன்றில்லை. போதாததற்கு, சபோனின் உள்ள பல செடிகள் காலங்காலமாக மீனை மயக்கிப் பிடிக்கப் பயன்பட்டவை. மீன் சாவதை வைத்து மனிதருக்கு ஆபத்து என்று முடிவு கட்ட முடியாது.

சுண்டெலிக்கு வருவோம். இங்கே முதலில் போட வேண்டிய கணக்கு அளவுக் கணக்கு. சுண்டெலிக்குக் கொடுத்த, கிலோவுக்கு இத்தனை மி.கி. என்ற அளவை 12.3 ஆல் வகுத்தால் மனிதருக்குச் சமமான அளவு வரும் (எலி என்றால் 6.2). கிலோவுக்கு 500 மி.கி. சாறு கொடுத்துப் பலன் கண்டால், 60 கிலோ மனிதருக்கு ஏறக்குறைய 2.4 கிராம் சாறு. நூறு கிராம் மூலிகையில் பத்துக் கிராம் சாறு கிடைக்கும் என்று வைத்தால் தினம் 24 கிராம் உலர்ந்த மூலிகை, நடக்கக்கூடியதுதான். அதே சாற்றை 2000 மி.கி. கொடுத்துப் பலன் காட்டியிருந்தால் தினம் கிட்டத்தட்ட 100 கிராம் மூலிகை, யார் குடிப்பது? இந்தக் கணக்கு ஒரு நிமிட வேலை. சோதனைக்கு முன்னாலேயே வழக்கத்தில் உள்ள அளவிலிருந்து பின்னோக்கிப் போட்டால் எலிகளும் மிச்சம்.

அப்புறம் நோயை உண்டாக்கும் விதம். ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி கணையத்தின் பீட்டா செல்களை அழித்துவிடும். நடுவயதில் வரும், இன்சுலின் இருந்தும் வேலை செய்யாத சர்க்கரை நோய்க்குப் பயன்பட்ட மூலிகையை இந்த எலியில் சோதித்தால் கேள்வியே மாறிப்போகிறது. கல்லீரல் மூலிகைகளுக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு கொடுக்கிறார்கள். அந்த நஞ்சு கல்லீரலின் ஒரு குறிப்பிட்ட நொதியால் மாற்றப்பட்ட பிறகுதான் தாக்கும். சாற்றை முன்கூட்டியே கொடுத்தால், அது அந்த நொதியைத் தடுத்தாலே போதும், நஞ்சு நஞ்சாகவே மாறாது, கல்லீரல் 'காப்பாற்றப்பட்டதாக'த் தெரியும். மஞ்சள் காமாலையோடு வருபவர் நோய் வந்த பிறகுதான் மருந்து குடிக்கிறார், ஆகவே எலிக்கும் நஞ்சு கொடுத்த பிறகு சாறு கொடுத்துப் பாருங்கள். எத்தனை 'கல்லீரல் காப்பான்கள்' அப்புறமும் நிற்கும் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

விலங்கின் உண்மையான பலம், நாம் கேட்காத கேள்விக்கும் அது பதில் சொல்லும் என்பது. நித்தியகல்யாணி இலை சர்க்கரைக்கு நல்லது என்ற ஜமைக்கா வழக்கத்தைக் கேட்டு, கனடாவில் நோபிள், பீர் என்ற இரு ஆய்வாளர்கள் 1950-களில் எலிகளில் சோதித்தார்கள். வாய்வழி கொடுத்தால் சர்க்கரை குறையவில்லை. ஊசியாகப் போட்டால் எலிகள் தொற்று வந்து செத்தன. ஏன் என்று தோண்டியபோது வெள்ளணுக்கள் சரிந்து எலும்பு மஜ்ஜை ஒடுங்கியிருந்தது தெரிந்தது. அங்கிருந்துதான் 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து வந்தது. நொதிச் சோதனையோடு நிறுத்தியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்க வாய்ப்பே இல்லை.

நேராக மனிதரிடமே போனால்?

பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும், ஆனால் ஏற்கெனவே மக்கள் குடித்துக்கொண்டிருக்கும் மருந்துக்கு இந்த வழி நியாயமானது. சர்ப்பகந்தா இப்படித்தான் உலகுக்கு வந்தது. ருஸ்தம் ஜால் வக்கீல் இரத்த அழுத்த நோயாளிகளில் அது தந்த பலனை 1949-இல் வெளியிட்டார், ரிசர்பின் என்ற சேர்மம் பிரிக்கப்பட்டது அதற்குப் பிறகு, 1952-இல். நோயாளி முதலில், மூலக்கூறு பின்னால்.

ஆனால் சின்ன மனிதச் சோதனை ஒன்று மட்டும் போதாது. கீழாநெல்லியைப் பாருங்கள். ஹெபடைடிஸ் பி கிருமியைத் தாங்கியவர்களில் நடத்திய சென்னை ஆய்வு 1988-இல் வந்தது: மூலிகை எடுத்த 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் மேற்பரப்பு ஆன்டிஜன் மறைந்தது, வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான். அதற்கு முந்தைய ஆண்டே லேப் முடிவுகளும் சாதகமாக வந்திருந்தன. பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்ப வரவில்லை. செடியின் இனமும் வளர்ந்த இடமும் வேறாக இருந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். முதல் ஆய்வு சிறியது என்பது இன்னொன்று. தொடக்கத்தில் சொன்ன ஹெர்பேரியமும் எச்பிடிஎல்சியும் ஏன் என்று இப்போது புரியும், அவை இல்லாமல் இந்த விவாதத்தை முடிக்கவே முடியாது.

பெரிய சோதனை எப்படித் தீர்த்துவைக்கும் என்பதற்கு, ஞாபகசக்திக்கு என்று விற்கப்படும் ஜிங்கோ என்ற மூலிகை உதாரணம். 3069 முதியவர்களில் பல ஆண்டுகள் கொடுத்துப் பார்த்து, மறதி நோயை அது தடுக்கவில்லை என்று 2008-இல் முடிவு வந்தது. இந்த அளவு சோதனை தனி லேபால் முடியாது. கசப்பான குடிநீருக்கு அதே சுவையில் வெற்று மருந்து தயாரிப்பதே தனி வித்தை.

முழுச் சாறா, தனிச் சேர்மமா?

சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பலன் உள்ள பகுதியை மட்டும் மறுபடி பிரித்து, கடைசியில் ஒரு மூலக்கூறில் நிற்பது வழக்கமான பாதை. ஆர்ட்டிமிசினினுக்கும் வின்பிளாஸ்டினுக்கும் அது பலித்தது. பலிக்காத இடமும் உண்டு. பெர்பெரிஸ் செடிகளில் உள்ள பெர்பெரின் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமிக்கு எதிராகத் தனியாகப் பலவீனம், ஏனென்றால் கிருமி அதை உள்ளே வர வர வெளியே தள்ளிவிடும். அதே செடிகளில் இருக்கும் இன்னொரு பொருளுக்குக் கிருமியைக் கொல்லும் திறன் இல்லை, ஆனால் தள்ளும் அந்தப் பம்பை அடைத்துவிடுகிறது என்று 2000-இல் காட்டினார்கள். பிரித்து எடுத்தால் ஒன்று சுமார், ஒன்று பூஜ்ஜியம். பிரிக்கப் பிரிக்கப் பலன் குறைந்துகொண்டே போனால் நிறுத்திவிட்டு, பகுதிகளைத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள்.

சரி, யாருக்கு எது?

சில மாதங்களே உள்ள மாணவருக்கு: மேல்பூச்சு மூலிகை என்றால் எம்ஐசி. குடலில் வேலை செய்யும் மூலிகை என்றால் பாலூட்டி நொதி, டானின் நீக்கியும் நீக்காமலும். இரண்டிலும் வராத செடி என்றால் செடியை மாற்றுங்கள், சோதனையை வளைக்காதீர்கள். வழிகாட்டி 'எம்டிடியும் சேர்த்துப் போடு' என்றால் செல் இல்லாத குழியையும் சாதாரணச் செல்லையும் சேர்த்துத்தான் போடுவேன் என்று சொல்லிப் பாருங்கள்.

வைத்தியருக்கு: பலனை நிரூபிக்க லேபுக்குப் பணம் கட்டாதீர்கள். லேபில் செய்ய வேண்டியது கன உலோகம், கிருமி எண்ணிக்கை, செடி அடையாளம், இவ்வளவுதான். பலனுக்கு வேண்டியது வருபவர் ஒவ்வொருவருக்கும் முதல் நாளிலும் குறித்த நாளிலும் ஒரே மாதிரி எடுத்த அளவீடு, பாதியில் வராமல் நின்றவர்களையும் விடாமல் எழுதிய பதிவேடு. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதும் அதில் இருக்க வேண்டும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, மாற்றுறுப்பு நோயாளிகள் எடுக்கும் சைக்ளோஸ்போரினைக் கல்லீரல் வேகமாகக் கழித்துவிடும்படி செய்து, பொருத்திய உறுப்பையே உடல் நிராகரிக்கும் நிலைக்குக் கொண்டுபோனதுண்டு. நல்ல பதிவேடு இருந்தால் நெறிமுறைக் குழுவிடமும் மருத்துவக் கல்லூரியிடமும் பேச முடியும், மெத்தனால் சாற்றின் ஐசி50-ஐ வைத்துக்கொண்டு அவர்களிடம் பேசி ஒன்றும் ஆகாது.

பணம் உள்ள குழுவுக்கு: செல் சோதனைக்கு ஒதுக்கியதில் பாதியை எடுத்து, மூன்று வெவ்வேறு இடத்தில் பறித்த செடியின் தடம் எடுக்கச் செலவிடுங்கள். பிறகு நோய் வந்தபின் மருந்து கொடுக்கும் சுண்டெலிச் சோதனை ஒன்று, வழக்கத்து அளவிலிருந்து பின்னோக்கிப் போட்ட கணக்கில். எந்த எலிக்கு எந்த மருந்து என்பது சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கப்பட வேண்டும், அளப்பவருக்கு அது தெரியக் கூடாது. ஆறு எலிகள் வைத்து நடத்திய குழுவில் ஒன்றிரண்டு எலி விலகினாலே முடிவு புரண்டுவிடும், எத்தனை வேண்டும் என்று புள்ளியியல் தெரிந்தவரிடம் முதலிலேயே கேளுங்கள். பலன் இல்லை என்று வந்தால், பழைய குறிப்பில் சொன்னபடியே தயாரித்த மருந்தை வைத்து இன்னும் ஒருமுறை. அப்போதும் இல்லை என்றால் அதை அப்படியே வெளியிட்டுவிட்டு அடுத்த செடிக்குப் போங்கள்.